பல்லின் ஒளி: மிஸ்வாக் முதல் பற்பசை வரை

ஹிஜ்ரி 11-ஆம் ஆண்டு (கி.பி. 632), ரபீஉல் அவ்வல் மாதம். மதீனாவில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லம். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இறுதி நோயில் அன்னையாரின் மார்பில் சாய்ந்திருக்கிறார்கள். அன்னையாரின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்கள் கையில் ஒரு மிஸ்வாக்குடன் உள்ளே வருகிறார்கள். பெருமானாரின் பார்வை அக்குச்சியின் மீது பதிகிறது. அன்னையார் குறிப்பறிந்து, "தங்களுக்காக வாங்கித் தரட்டுமா?" என்று வினவ, பெருமானார் தலையசைத்து இசைவு தருகிறார்கள். குச்சி கடினமாக இருக்கிறது. அதனை மென்மையாக்கித் தரவா என்று அன்னையார் மீண்டும் கேட்கிறார்கள். அதற்கும் இசைவு கிடைக்கிறது. மென்மையாக்கப்பட்ட அக்குச்சியால் பெருமானார் பல் துலக்குகிறார்கள். அதன்பின் சிறிது நேரத்தில் அவர்களின் தூய உயிர் பிரிகிறது. இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

இந்நிகழ்ச்சியைக் கண்ணீர் மல்கக் கேட்டிருப்போம். ஆனால் இதில் அடங்கியுள்ள இரண்டு பாடங்களை எண்ணிப் பார்த்தவர் எத்துணை பேர்? உயிர் பிரியும் வேளையிலும் பெருமானார் வாய்த்தூய்மையைக் கைவிடவில்லை, அது தொடர்ச்சி. கடினமான குச்சி மென்மையாக்கப்பட்ட பின்னரே பயன்பட்டது, அது மென்மை. இவ்விரண்டும் சேர்ந்ததே மிஸ்வாக் என்னும் ஸுன்னத்து. நம் முன்னோர் இவ்விரண்டையும் எவ்வாறு போற்றினர், நாம் எவ்வாறு இழந்து வருகிறோம் என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

பெருமானார் காட்டிய வழி

தம் சமுதாயத்தாருக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குமாறு கட்டளையிட்டிருப்பேன் என்று பெருமானார் அருளியதை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மிஸ்வாக் வாய்க்குத் தூய்மையும் இறைவனின் பொருத்தமும் தருவது என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு. இல்லத்திற்குள் நுழைந்ததும் பெருமானார் முதலில் செய்தது பல் துலக்கியதே என்றும் அன்னையார் கூறியுள்ளார்கள். இரவில் விழித்தெழுந்தாலும் அவ்வாறே செய்வார்கள் என்பதை ஹுதைஃபா (ரலி) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். அபூமூஸா (ரலி) அவர்கள் ஒருமுறை சென்றபோது, மிஸ்வாக்கின் நுனி பெருமானாரின் நாவின்மேல் இருந்தது. பல்லோடு நாவையும் தூய்மை செய்ய வேண்டும் என்னும் பாடம் இதிலுள்ளது.

பாலருந்திய பின் பெருமானார் நீர் வரவழைத்து வாய் கொப்பளித்து, பாலில் கொழுப்பு உண்டு எனக் காரணமும் கூறினார்கள். கைபர் பயணத்தின்போது ஸவீக் எனப்படும் வறுத்த மாவை உண்டபின், மக்ரிபு தொழுகைக்கு எழுந்தபோது வாய் கொப்பளித்தார்கள். உடனிருந்த தோழர்களும் கொப்பளித்தனர். மாவும் பாலும் பற்களின் இடுக்கில் தங்கினால் என்ன விளையும் என்பதை இன்று பல் மருத்துவர்கள் விரிவாக எடுத்துச் சொல்கின்றனர். பேரீச்சம்பழமும் மாவும் பாலும் அன்றாட உணவாயிருந்த ஒரு சமுதாயத்திற்கு இப்பழக்கம் எத்துணை பெரிய அரண்!

உகா மரம்

மிஸ்வாக்குக்குச் சிறந்ததென அறிஞர்கள் கூறுவது அராக் மரத்தின் குச்சியும் வேருமாகும். அரபு நாட்டின் வறண்ட நிலங்களில் வளரும் இம்மரம் தமிழகத்திற்கு அந்நியமானதன்று. உகா, உகாய் என்று தமிழில் வழங்குவது இதுவே. சங்க நூலான குறுந்தொகை இதனைப் பாலை நில மரமாகப் பேசுகிறது. கோடியக்கரைக் காட்டில் இன்றும் இது செழித்து வளர்கிறது. ஹஜ்ஜுக்குச் சென்று திரும்புவோர் கட்டுக்கட்டாக வாங்கி வரும் குச்சியின் இனம் நம் கடற்கரையிலேயே நிற்பதை நம்மில் பலர் அறியார்.

தமிழ் மக்கள் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதியென்று பழமொழியாக்கிப் போற்றினர். வேப்பங்குச்சியும் அவ்வாறே. குச்சியை மென்று நார் பிரித்துத் துலக்கும் வழக்கம் இருபுறத்தும் இருந்தமையால், இந்த ஸுன்னத்து இம்மண்ணில் எளிதாக வேரூன்றியிருக்கும் என்று கருதலாம்.

ஃபிக்ஹு அறிஞர்களின் நுட்பம்

ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. அவர்களுடைய ரியாளுஸ் ஸாலிஹீனில் மிஸ்வாக்கின் சிறப்புக்கென்றே ஒரு பாடம் உள்ளது. ஸஹீஹ் முஸ்லிமுக்கு அவர்கள் எழுதிய விரிவுரையில் இப்பொருளை மருத்துவரின் கண்கொண்டு நோக்குகிறார்கள். குச்சி நடுத்தரமானதாக இருத்தல் வேண்டும். மிகவும் காய்ந்ததாயின் புண்படுத்தும். மிகவும் ஈரமாயின் அழுக்கை அகற்றாது. நெடுக்கில் தேய்த்தால் ஈறு குருதி சிந்தும் என்பதால் அகலவாட்டில் துலக்குக என்கிறார்கள். பற்களின் ஓரம், கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பு, அண்ணம் ஆகியவற்றின் மீதும் மிஸ்வாக்கை மெதுவாகச் செலுத்துக என்கிறார்கள். சிறுவர்களை இளமையிலேயே பழக்குவது விரும்பத்தக்கது என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த ஒரு மார்க்கச் சட்ட அறிஞர், வணக்கத்தைப் பற்றிப் பேசுமிடத்தில் ஈற்றின் நலத்தைக் கருதுகிறார்! ஸுன்னத்தை நிறைவேற்றும் ஆர்வத்தில் உடலைப் புண்படுத்திக் கொள்ளலாகாது என்னும் நெறி இதில் ஒளிர்கிறது.

நம் மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜ் என்னும் கிதாபும் அவர்களுடையதே. சொரசொரப்பான எப்பொருளைக் கொண்டு துலக்கினாலும் ஸுன்னத்து நிறைவேறும் என்று அதில் எழுதியுள்ளார்கள். தன் விரலால் தேய்ப்பது மட்டும் போதாது என்பதே அவர்களிடம் சரியான கூற்று. அராக் குச்சி சிறப்புடையது. ஆனால் அது கிடைக்காதவனுக்கும் வாயில் திறந்தே இருக்கிறது. இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர்க் காணப்போகும் ஒரு வீண் வழக்கு தானே தீர்ந்துவிடும்.

ளல்ம் என்னும் ஒளி

பற்களின் மேலே தோன்றும் நீரோட்டம் போன்ற பளபளப்பிற்கு அரபு மொழியில் 'ளல்ம்' என்று பெயர். ளா, லாம், மீம் என்னும் இதே மூன்று எழுத்துகளிலிருந்துதான் அநீதியைக் குறிக்கும் 'ளுல்ம்' என்ற சொல்லும், அநீதி இழைப்பவனைக் குறிக்கும் 'ளாலிம்' என்ற சொல்லும் பிறந்தன.

மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) அவர்கள் தம் 'அல்கானூன்' நூலில் பற்களைக் காக்கும் வழிகளை எண்ணித் தருகிறார்கள். அடிக்கடி வாந்தியெடுப்பதை, குறிப்பாகப் புளித்த வாந்தியைத் தவிர்த்தல். பல்லில் ஒட்டும் இனிப்புப் பண்டங்களை மெல்லாதிருத்தல். கடினமான பொருள்களைப் பல்லால் உடைக்காதிருத்தல். பல் கூச வைக்கும் பொருள்களை விலக்கல். சூடான உணவின்மீது கடுங்குளிர்ச்சியையும் குளிர்ந்ததன்மீது கடுஞ்சூட்டையும் சேர்க்காதிருத்தல். பல்லிடுக்குகளை ஈறு கெடாத அளவில் இடைவிடாது தூய்மை செய்தல் ஆகியன அவற்றுட் சில. மிஸ்வாக்கையும் அளவோடு பயன்படுத்துக, பற்களின் ளல்ம் அழிந்துபோகும்வரை தேய்க்கலாகாது என்று அவர்கள் எச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப்பின் வாழ்ந்த இமாம் இப்னுல் கய்யிம் (1292–1350) அவர்களும் நபிவழி மருத்துவம் பற்றி எழுதுகையில் இதே கருத்தை வலியுறுத்துகிறார்கள். மிகையாகத் தேய்த்தால் பல்லின் மெருகு நீங்கி, அழுக்கு எளிதில் பற்றிக்கொள்ளும். அளவோடு துலக்கினால் பல் ஒளிபெறும் என்பது அவர்களின் கூற்று. பெயர் தெரியாத மரத்தின் குச்சி நஞ்சாக இருக்கக்கூடும், அதைத் தொடாதீர் என்றும் அறிவுறுத்துகிறார்கள்.

அவர்கள் ளல்ம் என்றும் மெருகு என்றும் குறித்த ஒளி எதிலிருந்து வருகிறது என்பதை இன்றைய அறிவியல் விளக்குகிறது. பல்லின் மேற்போர்வையான எனாமலுக்குத் தமிழில் பற்சிப்பி என்று பெயர். மனித உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு, சுண்ணச்சத்தும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமமே. ஆயினும் அதற்கொரு குறை உண்டு. அதனை உருவாக்கும் உயிரணுக்கள் பல் ஈற்றைவிட்டு வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். தேய்ந்துபோன எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அல்லாஹ் ஒருமுறை மட்டுமே தந்த அமானத்து அது! பல்லின் ளல்மை அழிப்பது பல்லுக்கு இழைக்கும் ளுல்ம் என்று சொன்னால் அது வெறும் சொல் விளையாட்டாகாது.

குர்துபாவின் கருவிகள்

ஈற்றைக் காப்பதில் முஸ்லிம் உலகம் செய்த பெருந்தொண்டு அந்தலூஸில் நிகழ்ந்தது. குர்துபா நகரின் அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) அவர்கள் 'அத்தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை இயற்றினார்கள். அறுவை மருத்துவம் பற்றிய அதன் இறுதிப் பகுதியில், பற்களைச் சுரண்டித் தூய்மை செய்வதற்கெனத் தனியே ஒரு பாடம் உள்ளது. பற்களின் உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் ஈறுகளின் இடையிலும் சொரசொரப்பான செதில்கள் படிந்து, கருமையும் மஞ்சளும் பச்சையுமாக மாறி, அக்கேடு ஈற்றுக்கும் பரவுகிறது என்று அவர்கள் எழுதினார்கள். நோயாளியைத் தம்முன் அமரச் செய்து, அவர் தலையை மடியில் தாங்கி, அச்செதில்கள் முழுவதும் நீங்கும்வரை சுரண்ட வேண்டும் என்பது அவர்கள் கூறும் முறை. ஒரே நாளில் முடியாவிடில் மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடர வேண்டும். ஒவ்வொரு பல்லின் அமைப்புக்கும் ஏற்பப் பதினான்கு வகைச் சுரண்டு கருவிகளை வரைந்தும் காட்டினார்கள்.

பற்காரை என்று நாம் இன்று கூறுவது அந்தச் செதில்களையே. அது இறுகிய பின் குச்சியாலோ பிரஷ்ஷாலோ போகாது. மருத்துவர் கருவிகொண்டே நீக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் கிரெமோனாவின் ஜெரார்டு என்பவர் இந்நூலின் அறுவைப் பகுதியையும் அல்கானூனையும் இலத்தீனில் பெயர்த்தார். அவை ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடநூல்களாக விளங்கின. அத்தகைய முன்னோரைப் பெற்ற நாம், ஈற்றில் குருதி கசிந்தாலும் பல் ஆடத் தொடங்கும்வரை மருத்துவரை நாடுவதில்லை. வலியின்றி வளர்வதே ஈற்று நோயின் இயல்பு என்பதை மறந்துவிடுகிறோம்.

பிரஷ்ஷும் பற்பசையும் வந்த கதை

விலங்கின் முடியாலான பல்துலக்கி சீனாவில் தோன்றியது. இங்கிலாந்தில் 1780-ஆம் ஆண்டளவில் வில்லியம் அடிஸ் என்பவர் அதனைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கினார். அந்நாளில் பிரஷ்ஷுகளுக்குப் பெரிதும் பயன்பட்டது பன்றியின் முடி. ஆகவே மார்க்கப் பேணுதலுள்ள முஸ்லிம்கள் அதனைத் தொடத் தயங்கியதில் நியாயம் இருந்தது. 1938-இல் அமெரிக்காவில் நைலான் இழைகளால் ஆன பிரஷ் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் நைலானே எங்கும் பரவியது. தயக்கத்திற்கான காரணம் நீங்கியது. சொரசொரப்பான எப்பொருளும் போதும் என்ற மின்ஹாஜின் சட்டத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், நைலான் பிரஷ்ஷை வெறுக்க ஃபிக்ஹில் இடமில்லை. மிஸ்வாக் பழமை என்று எள்ளி நகையாடுவோரும், பிரஷ் அந்நியர் பழக்கம் என்று ஒதுக்குவோரும் நடத்தும் வழக்கு வீண் வழக்கே.

நம் நாட்டில் பற்பொடியின் வரலாறு அத்துணை இனியதன்று. உமிக்கரி, அடுப்புக்கரி, செங்கற்பொடி, உப்பு ஆகியவற்றால் விரல்கொண்டு அழுத்தித் தேய்த்த தலைமுறைகள் உண்டு. கரியும் செங்கல்லும் பல்லை வெண்மையாக்குவதுபோல் தோன்றும். உண்மையில் அவை எனாமலை அறுத்துத் தேய்க்கின்றன. மேற்போர்வை மெலிந்ததும் உள்ளேயிருக்கும் மஞ்சள் பகுதி வெளித்தெரியும். குளிர்ந்த நீர் பட்டாலே கூசும். இதைவிடக் கொடியது புகையிலை கலந்த பற்பொடி. பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. ஆயினும் பல்வலிக்கு மருந்தென்று புகையிலையை ஈற்றில் அடக்கும் வழக்கமும், வெற்றிலைப் பாக்கோடு சேர்த்து மெல்லும் வழக்கமும் இன்னும் ஒழியவில்லை. அவை ஈற்றைக் கெடுப்பதோடு வாய்ப்புற்றுக்கும் வழிகோலுகின்றன.

பற்பசையில் ஃப்ளோரைடு சேர்ந்த வரலாறு சுவையானது. 1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குப் பல் மருத்துவராகச் சென்ற பிரெடரிக் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறைகளைக் கண்டு வியந்தார். கறை படிந்த அப்பற்கள் சொத்தையை எதிர்த்து நின்றதையும் காலப்போக்கில் கண்டறிந்தார். குடிநீரில் மிகுந்திருந்த ஃப்ளோரைடே காரணம் என்பது 1931-இல் தெளிவாயிற்று. அளவு மிகுந்தால் கறை. அளவோடு இருந்தால் காவல்! நாம் இனிப்பும் மாவும் உண்ணுந்தோறும் வாயிலுள்ள கிருமிகள் அமிலத்தைச் சுரந்து எனாமலின் கனிமத்தைக் கரைக்கின்றன. உமிழ்நீர் அதனைச் சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்க்கிறது. அந்தச் சீரமைப்பைப் பலப்படுத்துவதே ஃப்ளோரைடின் பணி. 1950-களின் நடுவில் அது பற்பசையில் சேர்ந்து வரத் தொடங்கியது. இந்தியாவில் பற்பசையில் பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு மேல் அது இருக்கலாகாது என்பது விதி. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்த ஊர்கள் உண்டு. அங்குள்ளோர் எந்தப் பற்பசை தகும் என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

மிஸ்வாக்கையும் அறிவியல் மறந்துவிடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1980-களில் இத்தகைய குச்சிகளைப் பயன்படுத்துவதை ஊக்குவித்தது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிலையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அராக் வேரிலுள்ள பென்சைல் ஐசோதயோசயனேட் என்னும் பொருள் ஈற்று நோய்க் கிருமிகள் சிலவற்றை விரைந்து அழிப்பதாக எடுத்துக்காட்டினர். அதே வேளையில், முறையின்றி அழுத்தித் தேய்ப்போரிடம் ஈறு கீழிறங்குவதையும் சில ஆய்வுகள் சுட்டியுள்ளன. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அஞ்சியதும் அதுவன்றோ!

நம் இல்லங்களில் செய்ய வேண்டியவை

வரலாறு கற்பிக்கும் பாடத்தை வாழ்வில் கொள்ளாவிடில் பயனில்லை. குச்சியாயினும் பிரஷ்ஷாயினும் மென்மையானதாக இருக்கட்டும். குச்சியின் நுனியை நீரில் ஊறவைத்து, மென்று, நார் பிரித்துப் பயன்படுத்துக. நார் தேய்ந்ததும் வெட்டிப் புதுநுனி செய்க. பிரஷ்ஷின் இழைகள் விரிந்துவிட்டால் மாற்றிவிடுக. பிரஷ்ஷை ஈற்றோரம் சாய்த்துவைத்துச் சிறிது சிறிதாக அசைக்குமாறு இன்றைய மருத்துவர்கள் கூறுகின்றனர். கடினமான இழைகளால் மரம் அறுப்பதுபோல் இழுத்தால் பல்லின் கழுத்தில் பள்ளம் விழும். ஃபிக்ஹு அறிஞர்கள் அகலவாட்டில் துலக்கச் சொன்னதன் காரணமும் ஈறு புண்படாதிருத்தலே. அக்காரணத்தை மறந்து முறையை மட்டும் பற்றுவது அறிவுடைமையாகாது.

புளிப்பான பழச்சாறோ குளிர்பானமோ பருகிய உடனே துலக்கலாகாது. அமிலத்தால் எனாமல் இளகியிருக்கும் வேளை அது. நீரால் வாய் கொப்பளித்து அரைமணி நேரம் கழித்துத் துலக்குக. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், அதன்பின் ஆறு வயதுவரை பட்டாணியளவும் பற்பசை போதும். விழுங்காதபடி தாய்மார் அருகிருந்து கவனிக்க வேண்டும்.

இஷாவுக்குப்பின் உறங்கச் செல்லுமுன் துலக்குவது மிக முதன்மையானது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் கிருமிகளுக்கு அதுவே வேட்டைக்காலம். பற்பசையைத் துப்பியபின் மிகுதியாக நீரூற்றிக் கொப்பளிக்காவிடில் ஃப்ளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். ஒளுவுடன் உறங்க விரும்புவோர் முதலில் ஒளுச் செய்துவிட்டுப் பின்னர்ப் பற்பசையால் துலக்கலாம். பகற்பொழுதில் ஒவ்வொரு ஒளுவின்போதும் மிஸ்வாக் துணையிருக்கட்டும். ரமளானில் ஸஹர் உணவுக்குப்பின் வக்து முடியுமுன் பற்பசையால் துலக்கிவிட்டால் நோன்பு வேளையில் அது தொண்டையில் இறங்குமோ என்ற ஐயத்திற்கு இடமில்லை. நண்பகலுக்குப்பின் நோன்பாளி மிஸ்வாக் செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் மக்ரூஹ். ஹனஃபி மத்ஹபில் அவ்வாறில்லை. அவரவர் தம் மத்ஹபின்படி ஒழுகுக.

துலக்கும்போது குருதி கசிந்தால் துலக்குவதை நிறுத்திவிடுவது பலரிடம் உள்ள தவறு. படலம் தங்கி ஈறு வீங்கியதன் அறிகுறியே அது. மென்மையாகத் தொடர்ந்து துலக்க வேண்டும்; ஓரிரு வாரங்களில் நிற்காவிடில் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சட்டைப்பையில் மிஸ்வாக் இருந்தும் வாயில் துர்நாற்றம் வீசினால், அணிவகுப்பில் பக்கத்தில் நிற்கும் சகோதரனுக்கு நாம் தொல்லையாகிறோம். குர்ஆன் ஓதும் நாவும், ஸலாம் உரைக்கும் உதடும், குழந்தையை முத்தமிடும் வாயும் தூயனவாய் இருத்தல் வேண்டும். வீட்டிலுள்ள சிறுவனின் கையில் மென்மையான துலக்கியைக் கொடுத்து, இது பெருமானாரின் வழி என்று சொல்லிப் பழக்குங்கள். அவன் எழுபது வயதில் தன் பல்லாலேயே பேரீச்சம்பழம் சுவைக்கும்போது உங்களுக்காக துஆச் செய்வான்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளத்தையும் வாயையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.